உங்களுக்குத் தெரியுமா? சாமி மேடையில் சீறும் அம்மன்கள்

சிகாமட், லாபிஸ், ஜெமந்தா, பத்து அன்னம் பக்கத் தமிழ் வீடுகள் பலவற்றில் லட்சுமி, முருகன் படங்களுக்கு நடுவே ஒரு காளியோ மாரியோ இருப்பதைப் பார்க்கலாம். நீட்டிய நாக்கு, தலைகளைக் கோத்த மாலை, காலடியில் அசுரன். "இந்தச் சாமிக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று பிள்ளைகள் கேட்டால், "பேசாமல் கும்பிடு" என்று பல நேரம் முடித்துவிடுகிறோம். அந்தக் கேள்விக்கு நல்ல பதில்கள் உண்டு. உக்கிரமான படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

1. முதலில் வலக்கையைப் பாருங்கள்

தட்சிண காளிக்கு நான்கு கைகள். இடப்பக்கம் மேல்கையில் வாள், கீழ்க்கையில் வெட்டுண்ட தலை. பார்த்தவுடன் பயமுறுத்துவது இந்தப் பக்கம்தான். வலப்பக்கத்தில் ஒரு கை "அஞ்சாதே" என்கிறது. இன்னொன்று வரம் தருகிறது. வாளை ஞானமாகவும் தலையை ஆணவமாகவும் சக்தியை வழிபடும் சாக்தர்கள் கொள்வார்கள். ஒரே உடலில் ஒரு பாதி பகைக்கு, மறு பாதி பிள்ளைக்கு. மற்ற உக்கிரப் படங்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

2. ஆயுதங்கள் எல்லாம் அன்பளிப்பு

துர்க்கைக்கு ஏன் இத்தனை கை? தேவி மாகாத்மியம் கதை சொல்கிறது. மகிஷாசுரனிடம் தோற்ற தேவர்களின் ஒளியெல்லாம் ஒன்றுதிரண்டு ஒரு பெண் ஆனது. சிவன் சூலம் கொடுத்தார், திருமால் சக்கரம் கொடுத்தார். வருணன் சங்கும் பாசமும், வாயு வில்லும் அம்பறாத் தூணியும், இந்திரன் வச்சிரமும் ஐராவதத்தின் மணியும், இமயம் ஒரு சிங்கமும் தந்தனர். ஓவியர் கைக்கு ஒன்றாக இவற்றை வரைவது அதனால்தான். தனித்தனியே தோற்றவர்களின் பலம் அவளிடம் ஒன்று சேர்ந்திருக்கிறது என்பதை அந்தக் கைகள் சொல்கின்றன.

3. போர் நடக்கிறது, முகம் அமைதியாக இருக்கிறது

மாமல்லபுரத்தின் மகிஷாசுரமர்த்தினி குகையில் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பம் ஒன்று உண்டு. எட்டுக் கைகளோடு சிங்கத்தின்மேல் வருகிறாள் தேவி. எதிரே எருமைத் தலையும் மனித உடலுமாக, கதாயுதத்தைப் பிடித்தபடி பின்வாங்குகிறான் அசுரன். போர் உச்சத்தில் இருக்கிறது. அவள் முகத்திலோ வெறி துளியும் இல்லை. இன்றைய காலண்டர் துர்க்கையும் சூலத்தைப் பாய்ச்சிக்கொண்டே புன்னகை செய்கிறாள். சினம் ஆயுதத்தில் இருக்கலாம், மனத்தில் ஏறக்கூடாது என்ற எண்ணம் சிற்பியிடமிருந்து ஓவியர் வரை வந்திருக்கிறது.

4. எருமைத் தலைமேல் நின்ற தமிழ்த் தாய்

தமிழ் மண்ணில் போர்த் தெய்வம் கொற்றவை. தொல்காப்பியம் கொற்றவை நிலையைக் கூறுகிறது. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி அவளைப் பாலை நிலத்து வேட்டுவரின் தெய்வமாகப் பாடுகிறது: நெற்றிக்கண், பிறை, புலித்தோல், காலடியில் எருமைத் தலை. பல்லவர் சிற்பங்களில் இதே கோலத்தை, பக்கத்தில் கலைமானோடு காணலாம். போர் முடிந்துவிட்டது, வெற்றியின்மேல் அவள் நிமிர்ந்து நிற்கிறாள்.

5. காளி பிறந்த இடம் நெற்றி

சண்டன், முண்டன் என்ற அசுரர்கள் நெருங்கியபோது அம்பிகையின் முகம் கறுத்தது. நெரித்த புருவத்திலிருந்து காளி வெளிப்பட்டாள் என்கிறது தேவி மாகாத்மியம். இருவர் தலையையும் கொண்டுவந்ததால் அவள் சாமுண்டி ஆனாள். சாமுண்டியை எலும்பும் தோலுமாக, ஒட்டிய வயிற்றோடு, பிணத்தின்மேல் அமர்ந்தவளாக வடிப்பார்கள். பஞ்சத்தையும் சாவையும் கண்ணெதிரே நிறுத்தி, அதற்கும் மேலே ஒருத்தி இருக்கிறாள் என்று காட்டும் உருவம் அது.

6. நாக்குக்கு மூன்று விளக்கம்

ரக்தபீஜனின் இரத்தம் ஒரு சொட்டு விழுந்தால் அங்கே இன்னொரு அசுரன் முளைப்பான். நிலத்தில் விழுமுன் அந்த இரத்தத்தைக் காளி குடித்துவிட்டாள் என்பது புராணம். கணவன் மார்பில் கால் வைத்துவிட்டோமே என்ற நாணத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்பது வங்காளத்து வீட்டுக் கதை. சிவந்த நாக்கு ரஜோ குணம், அதை அடக்கும் வெண்பற்கள் சத்துவ குணம் என்பது தத்துவ விளக்கம். மூன்றையும் ஒரே படம் தாங்கிக்கொள்கிறது. பாட்டி கதை சொல்லட்டும், பண்டிதர் தத்துவம் சொல்லட்டும். இரண்டிலும் ஒன்றை அடக்கும் செயல்தான் இருக்கிறது.

7. காலடியில் சிவன் கிடப்பது அவமதிப்பா?

பிள்ளைகள் அதிகம் தயங்கும் இடம் இதுதான். சக்தி சேராவிட்டால் சிவனால் அசையவும் முடியாது என்பது சாக்தக் கொள்கை; சௌந்தர்ய லகரியின் முதல் பாடலே அந்தக் கருத்தில்தான் தொடங்குகிறது. படத்தில் சிவன் வெண்மையாக, கண் மூடி, அசைவின்றிக் கிடக்கிறார். காளி கருமையாக, கூந்தல் விரிந்து, இயங்கிக்கொண்டிருக்கிறாள். அசையாத அறிவும் ஓயாத ஆற்றலும் தொட்டுக்கொண்டிருக்கும் நிலை அது. ஓடிவந்த சீற்றம் அந்தத் தொடுதலில் அடங்கியது என்றும் சொல்வார்கள்.

8. மாலையில் எத்தனை தலை?

காளியின் மாலையில் ஐம்பது அல்லது ஐம்பத்தொரு தலைகள் என்பது மரபு. அவை சமஸ்கிருத எழுத்துகளைக் குறிப்பதாகத் தந்திர நூல்கள் கொள்கின்றன. மந்திரமெல்லாம் எழுத்தால் ஆனது. அந்த எழுத்துகளை அணிந்திருப்பவள் ஒலிக்கே தாய். இடுப்பில் தொங்கும் வெட்டுண்ட கைகள், மனிதர் செய்து சேர்த்த வினைகள். அவற்றை அறுத்து அவள் தன்மேல் ஏற்றுக்கொள்கிறாள்.

9. கறுப்பி ஏன் நீலமானாள்?

காலண்டர் படங்களில் காளி பெரும்பாலும் நீலமாக இருப்பாள். முழுக் கறுப்பில் கன்னத்தின் மேடும் கண்ணின் குழியும் எடுபடா. நீலத்தில் ஒளி நிழல் காட்ட ஓவியருக்கு இடம் கிடைக்கிறது. நூல் ஆதாரமும் உண்டு: பத்து முகம், பத்துக் கால் கொண்ட மகாகாளியின் தியான சுலோகம் அவளை நீலமணி ஒளியுடையவள் என்றே வருணிக்கிறது.

10. தமிழ்க் காளியின் தலையில் தீ

வங்கக் காளி நிற்பாள், கூந்தல் அவிழ்ந்திருக்கும், நாக்கு நீண்டிருக்கும். தமிழ்நாட்டுக் கோயில்களின் பத்ரகாளி பெரும்பாலும் அமர்ந்திருப்பாள். தலைமுடி தீக்கொழுந்தாக மேலெழும். வாயோரம் இரண்டு கோரைப் பற்கள். கைகளில் சூலம், உடுக்கை, பாசம், கபாலம். தோட்டத்துக் காளியம்மன் சந்நிதிகளில் நம் முன்னோர் கொண்டுவந்து வைத்தது பெரும்பாலும் இந்தக் கோலம்தான். உங்கள் வீட்டுப் படத்தில் இருப்பவள் எந்த ஊர்க் காளி என்று இனிச் சடையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

11. மாரியம்மன் கையில் கபாலம்

மாரியம்மன் தலைக்குமேல் ஐந்து தலை நாகம் படமெடுக்கும். கைகளில் உடுக்கை, பாசம், சூலம், கபாலம், சுற்றிலும் வேப்பிலை. உடலில் ஏறும் வெப்பமும் அம்மையும் அவள் ஆட்சி. தணிக்கும் வேம்பும் மஞ்சளும் அவள் மருந்து. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. நோய் போன பிறகும் தாய் போகவில்லை. காய்ச்சல் கண்ட வீட்டில் இன்றும் முதலில் அழைப்பது அவளைத்தான்.

12. தலை மட்டும் ஏன்?

சில படங்களில் அம்மனுக்கு உடல் இல்லை, சிரசு மட்டும் இருக்கும். கணவன் ஆணையால் மகன் பரசுராமன் கையாலேயே தலை வெட்டுண்ட ரேணுகாவின் கதை அது. வட தமிழகத்துக் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் ஆண்டுதோறும் பெரும் திருவிழா. அநியாயமாக வெட்டப்பட்டவளைத் தமிழர்கள் மறக்கவில்லை. தெய்வமாக்கித் தலையில் தூக்கிக்கொண்டார்கள்.

13. மிகக் கொடிய கோலம், மிகச் சிறிய பக்தர்

மலேசிய, சிங்கப்பூர்க் கோயில்களில் பெரியாச்சி அம்மனைப் பார்த்திருப்பீர்கள். காலடியில் அரசன், மடியில் வயிறு கிழிந்த அரசி, வாயில் குடல். முதல்முறை பார்ப்பவர் நடுங்கிப்போவார். இப்போது மேலே பாருங்கள்: ஓங்கிய கையில் ஒரு குழந்தை பத்திரமாக இருக்கிறது. மருத்துவச்சியாக வந்தவள் அவள். கொடுங்கோலனை அழித்தவள் என்கிறது கதை. பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்ததும் தாய்மார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் அவளிடம் போவது இங்கே வழக்கம். இந்தக் கோலத்தின்முன் பச்சைக் குழந்தையைக் கிடத்துகிறார்களே, அந்த நம்பிக்கையைவிடச் சிறந்த விளக்கவுரை உக்கிர தெய்வத்துக்குக் கிடையாது.

14. தன்னையே ஊட்டியவள்

தச மகாவித்யைகள் எனும் பத்துத் தேவியரில் ஒருத்தி சின்னமஸ்தா. தன் தலையைத் தானே அறுத்துக் கையில் ஏந்தி நிற்பாள். கழுத்திலிருந்து மூன்று தாரைகளாக இரத்தம் பாய்கிறது: இரண்டு, பசித்து நிற்கும் தோழியர் இருவருக்கு, ஒன்று அவள் வாய்க்கே. உண்பவளும் உணவும் ஊட்டுபவளும் ஒருத்தியே. ஓர் உயிர் இன்னோர் உயிரைத் தின்று வாழும் உலகத்தில், பிறரைக் கொல்லாமல் தன்னைக் கொடுக்கும் தாயின் படம் இது.

15. கலப்பையும் உலக்கையும்

பன்றி முகம் கொண்ட வாராகியின் கைகளில் இருப்பவை வீட்டுப் பொருள்கள்: நிலத்தை உழும் கலப்பை, நெல்லைக் குத்தும் உலக்கை. சப்த கன்னியரில் ஒருத்தி. தஞ்சைப் பெரிய கோயிலில் அவளுக்குத் தனிச் சந்நிதி உண்டு. உழுபவரின் கருவியே உக்கிர தெய்வத்தின் ஆயுதமானதால், கையால் உழைத்து உண்பவர்களுக்கு அவள் மிக நெருக்கமானவள்.

16. சிங்கமா, புலியா?

நூல்கள் தேவிக்குத் தந்த வாகனம் சிங்கம். அச்சுப் படங்கள் பலவற்றில் அது புலியாகவும் மாறியிருக்கிறது. புலி நமக்கும் அந்நியமில்லை: ஜொகூர் மாநிலச் சின்னத்தைத் தாங்குபவை இரண்டு புலிகள். சிகாமட் மாவட்டத்து பெக்கோக் வழியாக நுழையும் எண்டாவ் ரொம்பின் காடு மலாயாப் புலியின் வாழிடம். காட்டை வெட்டித் தோட்டம் போட்ட தலைமுறைக்குப் புலி நிஜமான பயம். அதன் முதுகில் அமர்ந்திருந்த அம்மன் நிஜமான துணை.

17. எலுமிச்சை மாலை எதற்கு?

உக்கிர அம்மன் படத்துக்கு எலுமிச்சை மாலை சார்த்துகிறோம். எலுமிச்சையை அறுத்துக் குங்குமம் தடவுவதும், பூசணிக்காய் உடைப்பதும் உயிர்ப்பலிக்கு மாற்றாகக் கொள்ளப்படுபவை. ஓவியத்தில் தலைமாலை, வீட்டுச் சட்டத்தில் எலுமிச்சை மாலை. அம்மன் கேட்பது உயிரை அன்று, ஒப்படைத்த மனத்தை என்று வழிபாடு தானே கண்டுகொண்ட நல்ல மாற்றம் இது.

18. ஒரே கோயிலில் இரண்டு முகம்

சிதம்பரத்துத் தில்லைக் காளி கோயிலில் இரண்டு சந்நிதிகளை வணங்கலாம். ஒன்றில் உக்கிரமான தில்லைக் காளி. மற்றதில் நான்கு முகங்களோடு சாந்தமான பிரம்ம சாமுண்டீஸ்வரி. நடராசரோடு ஆடிய நடனப் போட்டியில் சினந்து ஊர் எல்லைக்குப் போனவள், பிறகு தணிந்தாள் என்பது தல புராணம். சீற்றமும் சாந்தமும் ஒருத்தியின் இரு நிலைகள் என்பதைக் கோயில் அமைப்பிலேயே காட்டியிருக்கிறார்கள்.

19. வண்டுச் சிறகில் மரகதம்

17-ஆம் நூற்றாண்டில், இமயமலை அடிவாரப் பசோலியில் தேவியின் உக்கிர வடிவங்களை வரிசையாகத் தீட்டினார்கள். அவள் நகைகளில் மரகதம் மின்ன, வண்டுகளின் பச்சைச் சிறகோட்டைச் சிறு துண்டாக நறுக்கி ஒட்டினார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பச்சை மங்கவில்லை. பயங்கர வடிவத்தையும் இவ்வளவு பொறுமையாக அலங்கரித்தவர்கள் அவளை நேசித்தவர்களாகத்தான் இருக்க முடியும்.

20. அழிப்பதற்காகவே வரைந்த ஓவியம்

கேரளத்தின் களமெழுத்தில் பத்ரகாளியைத் தரையில் ஐந்து நிறப் பொடியால் தீட்டுவார்கள். வெள்ளைக்கு அரிசி மாவு, மஞ்சளுக்கு மஞ்சள் பொடி, கறுப்புக்கு உமிக்கரி, பச்சைக்கு இலைப்பொடி. சிவப்பு? மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தது. நம் வீட்டு ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இப்படித்தான். மணிக்கணக்கில் எழுதிய உருவத்தைச் சடங்கின் முடிவில் கலைத்து, பொடியைப் பிரசாதமாகத் தருவார்கள். காளியின் கதையை ஆடும் முடியேற்று 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

21. துணியே கோயில்

குஜராத்தில் கோயிலுக்குள் விடப்படாத மக்கள், துணியில் அம்மனைத் தீட்டி அதையே திரையாகவும் கூரையாகவும் கட்டி வழிபட்டார்கள். மாதா நீ பச்சேடி என்று அதற்குப் பெயர். துணியின் வெள்ளை, இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிய கறுப்பு, அடர்ந்த சிவப்பு இவைதான் மரபான நிறங்கள். கதவு அடைத்தவர்கள் அடைத்தபடி இருக்க, அம்மன் துணியில் இறங்கி அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்தாள்.

22. காளிகட்டம் முதல் கோவில்பட்டி வரை

19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவின் காளிகட்டக் கோயிலருகே பட்டுவா ஓவியர்கள் ஆலைத் தாளில் நீர்வண்ணத்தால் காளியை வரைந்து யாத்திரிகர்களுக்கு விற்றார்கள். 1878-இல் தொடங்கிய கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ அவளைக் கல்லச்சில் பரப்பியது. 1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பல வண்ணத் தெய்வப் படம் ஏழை வீட்டுக்கும் எட்டும் விலைக்கு வந்தது. தமிழில் அந்த வரிசையின் பெரிய பெயர் கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, ரமணர் ஆசிரமத்தில் தங்கி, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டி, 1940-களில் கோவில்பட்டியில் நிலைத்தார். அவரும் சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகி, தமிழர் வாழும் நாடெங்கும் சுவரேறின. நம் சாமி மேடைகளின் கண்ணழகில் கோவில்பட்டியின் கைவண்ணம் இருக்கிறது.

23. கடைசியில்தான் கண்

சிலையோ படமோ, கண்ணைக் கடைசியில் திறப்பது மரபு. வங்கத்தில் துர்க்கைச் சிலைக்கு மாளய அமாவாசையன்று கண் எழுதுவார்கள். அதுவரை மண், அதன்பின் அம்மன். உக்கிர அம்மனின் கண் அகலத் திறந்திருப்பதைக் கோபம் என்று மட்டும் எண்ணாதீர்கள். இரவெல்லாம் பிள்ளையைக் காக்கும் தாய்க்கு இமை மூட நேரமில்லை.

24. நம் மாநிலத்தின் கண்ணாடிக் காளி

சிகாமட்டிலிருந்து ரயில் பாதை தெற்கே போய்ச் சேரும் ஜொகூர் பாருவில் அருள்மிகு இராஜகாளியம்மன் கோயில் இருக்கிறது. 1922-இல் எளிய கோயிலாகத் தொடங்கியது. 2009-இல் சுவர், தூண், விதானம் எங்கும் சுமார் 3 லட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதித்துப் புதிதாக எழுப்பப்பட்டது. இருளின் தெய்வம் என்று பலர் அஞ்சும் காளிக்கு, விளக்கு ஒன்றை ஏற்றினால் ஆயிரமாய்த் திரும்பும் இல்லத்தை ஜொகூர்த் தமிழர்கள் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

25. உங்கள் வீட்டுப் படம் ஒரு வரலாற்றுச் சான்று

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையான ரயில் பாதை 1909-இல் முடிந்தது. அந்தத் தடத்தை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணி வழி வந்தவர்கள் பால்மரம் வெட்டிய கையோடு கோயிலும் எழுப்பினார்கள். லயத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய காளிதான் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் காட்டு இருட்டுக்கும் அவர்கள் கேட்ட முதல் உதவி. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல லயங்கள் இடிந்துவிட்டன. 2006, 2011, 2023 வெள்ளங்களில் சிகாமட் வீடுகள் நீரில் மூழ்கின. தாளில் அச்சான அம்மனுக்கு ஈரம் பெரிய எதிரி.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டிலோ தோட்டக் கோயிலிலோ பழைய அம்மன் படம் இருந்தால், ஆற்றில் விடுவதற்கு முன் கைப்பேசியில் தெளிவாகப் படமெடுங்கள். ஓரத்தில் இருக்கும் ஓவியர் கையெழுத்தையும் அச்சகப் பெயரையும் சேர்த்து எடுங்கள். எந்தத் தோட்டம், யார் வாங்கியது, என்ன வேண்டுதல் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்தமுறை பிள்ளை "ஏன் கோபம்?" என்று கேட்டால், வலக்கையைக் காட்டிப் பதில் சொல்லுங்கள்: "கோபம் உன்மேல் இல்லை, கண்ணு. உன்னைத் தொட வருகிறவர்கள்மேல்."